பழைய பிக்கப் வாங்கப் போகும் மகளுக்கு

ஏற்காடு

அன்பு மகளுக்கு,

ஓசூரில் பூ ஏற்றுவதற்குப் பழைய பிக்கப் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாய். "நம்ம வீட்டு வண்டி கம்பெனிதான்ப்பா, கண்ணை மூடிட்டு வாங்கிடலாம்ல?" என்று கேட்டாய். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்படி வாங்காதே கண்ணு.

நம் மஹிந்திரா பொலேரோ 2011-இல் வந்தது. மிளகு மூட்டையோடு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் லீ பஜாரில் சரக்கைப் போட்டுவிட்டு, உரம் ஏற்றிக்கொண்டு இன்னும் மலை ஏறுகிறது. இறக்கத்தில் நான் செகண்ட் கியரைத் தாண்டியதில்லை. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் லைனிங் கருகாது. ஆயில் மாற்றுவதையும் தள்ளிப் போட்டதில்லை.

நீ ப்ளஸ் டூ படிக்கும்போது, ஒரு மழை ராத்திரியில் டீசல் தீர்ந்து பாதி மலையில் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? கேனில் வாங்கி ஊற்றியும், பைப்பில் காற்று புகுந்திருந்ததால் கிளம்பவில்லை. அடிவாரத்து மெக்கானிக் ஸ்பேனரோடு வந்தார். பைப் நட்டைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்த அழுத்த, டீசல் நுரை நுரையாக வந்தது. நுரை நின்று தெளிவாக வழிந்ததும் நட்டை இறுக்கினார். அடுத்த செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது. நீதான் டார்ச் அடித்தாய். கையால் சரிசெய்யலாம், சாமான் சேலத்தில் எங்கேயும் கிடைக்கும். இந்தக் கம்பெனியை நான் விடாமல் இருப்பது அதற்காகத்தான்.

அதே கம்பெனியானாலும் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு செய்த வண்டிகள் வேறு மாதிரி. சென்சார், புகை ஃபில்டர் என்று நிறைய இருக்கிறது. மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிற ஒர்க்‌ஷாப் உனக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நீ பார்த்த வண்டி எட்டு வருஷம் தாண்டியது என்றால் வருஷாவருஷம் எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று, எடுக்க வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் வை. நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், பேசாமல் வந்துவிடு. கமான் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் சேஸிஸைத் தட்டிப் பார்க்க வேண்டும். துரு உதிரக் கூடாது. அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுத்தியலோடு வந்துவிடுகிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே. நாம் போவதற்கு முன்னால் இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று அந்த ஓனரிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா