பத்தாயத்தில் ஒரு கைநாட்டு

குத்தாலம்,
ஐப்பசி 22

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் திகில் படத் திரைக்கதையும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். குறுவை அறுத்துக் கரையேறியாகிவிட்டது, சம்பா நடவு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. இரண்டு நாளாக மழை, வாய்க்கால் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. தை பிறந்ததும் படப்பிடிப்பு என்று எழுதியிருக்கிறாய். நாள் குறைவாக இருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் இருபது பக்கம் அருமை. அப்பா போன பிறகு பூட்டிக் கிடக்கிற வீட்டை விற்க மகன் வருகிறான், திண்ணையில் செருப்பைக் கழற்றுகிறான், சாவி திரும்பமாட்டேன் என்கிறது. அதுவரை எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு வெள்ளைச் சேலை, கிணறு, கறுப்பு நாய், நல்ல பாம்பு, எரிகிற குடிசை என்று எல்லாம் வருகின்றன. ஆனால் அந்த வீடு எதை மறைக்கிறது என்பது மட்டும் கடைசிவரை வரவில்லை. 'ஒரு பெண் செத்தாள்' என்பது எந்த ஊருக்கும் பொருந்தும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய வீட்டில் ரகசியம் என்றால் அது நிலத்தில்தான் போய் முட்டும்.

இப்படி யோசித்துப் பார். 1961-ஆம் வருஷ நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது. 1970-இல் அதை 15-ஆகக் குறைத்தார்கள். (ஸ்டாண்டர்டு ஏக்கர் தீர்வையை வைத்துக் கணக்கிடுவது, சாதாரண ஏக்கரோடு குழப்பிக்கொள்ளாதே. வசனத்தில் ஊர்க்காரர்கள் வேலி, மா என்றுதான் பேசவேண்டும்: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி.) நிலம் கைவிட்டுப் போகாமலிருக்கப் பண்ணையாள் பெயரில் பினாமியாக எழுதிவைத்த கதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை. உன் கதையில் தாத்தா அப்படி ஒருவன் பெயருக்கு இரண்டு வேலியை ரிஜிஸ்டர் பண்ணியிருக்கிறார். வீட்டோடு நிலத்தையும் விற்க வில்லங்கம் போட்டுப் பார்க்கிற பேரன், நிலம் இன்றுவரை யாரோ ஒருவன் பெயரில் நிற்பதைப் பார்க்கிறான். அந்தக் காலத்துப் பதிவு கம்ப்யூட்டரில் கிடைக்காமல் போகலாம். சார்பதிவாளர் ஆபீசில் மனுக் கொடுத்துப் பழைய புத்தகத்தில் தேடச் சொல்லவேண்டும். ஆகவே அவன் ஊரில் தங்கியாக வேண்டும். 'ஏன் முதல் நாள் ராத்திரியே ஓடிவிடவில்லை?' என்கிற கேள்விக்கு உன் திரைக்கதையில் இல்லாத பதில் இதுதான்.

பிறகு பரணில் ஒரு தகரப்பெட்டி. அதில் வெறும் தாளில் ஒரு கைச்சீட்டு: 'மேற்படி நிலத்தை எஜமானுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.' கீழே அந்தப் பண்ணையாளின் கைநாட்டு. அப்படியானால் அதை ஏன் ரிஜிஸ்டர் பண்ணவில்லை? பண்ணுவதற்கு ஆள் சார்பதிவாளர் முன்னால் வந்து நிற்கவேண்டும். அந்த ஆள் வந்து நிற்கக்கூடிய நிலையில் இல்லை. கை மட்டும்தான் இருந்தது.

இதைப் பார்வையாளரிடம் யாரும் சொல்லக் கூடாது. ரேகையே காட்டவேண்டும். ரிஜிஸ்டர் பண்ணிய பத்திரத்தில் இருப்பது உயிருள்ளவன் வைத்தது: இடது பெருவிரலை உருட்டி, நகத்தோரம்வரை கோடு தெளிவாக விழுந்திருக்கும். கைச்சீட்டில் இருப்பது வேறொருவன் பிடித்து அமுக்கியது: நடுவில் மை அப்பி, ஓரத்தில் இழுபட்டு, ஒரு பக்கம் இரண்டாகத் தெரியும். ஒரே ஆளின் விரலில் ஸ்டாம்ப் பேடு மை தடவி இருபது தாளில் வைத்துப் பார், சரியானது தானே அமையும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு குளோசப், எட்டு வினாடி, பின்னணி இசை வேண்டாம். தாளை டீ டிகாக்ஷனில் முக்கிப் பழசாக்காதே, முழுக்க ஒரே பழுப்பாகி நாடகத்து ஓலை மாதிரி தெரியும். மட்டமான வெள்ளைத்தாளில் நீலக்கறுப்பு மையால் எழுதி, நாலாக மடித்துப் பத்து நாள் வெயிலில் போடு. வெளிப்பக்கம் பழுத்து உள்பக்கம் வெளிறியே இருக்கும். கைச்சீட்டு என்பதால் முத்திரைத்தாள் தேவைப்படாது. முத்திரைத்தாளை நகலெடுப்பது குற்றம், அந்த வம்பே வேண்டாம்.

பண்ணையாள் எங்கே செத்தான்? நெல் கொட்டிவைக்கிற மரப் பத்தாயத்தில். நீ அனுப்பிய போட்டோவில் வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில், சாக்குக்கு நடுவே நிற்கிறதே, அதை எப்படித் திரைக்கதையில் விட்டாய்? அடியில் வாயைத் திறந்துவிட்டு நெல் இறங்கும்போது மேலே ஆள் நின்றால் கால் புதையும், அசைய அசைய இன்னும் புதையும், நெல் நெஞ்சை அமுக்கி மூச்சு விடமுடியாது. ஆகையால் படத்தில் எந்தக் காரணத்துக்காகவும் நிறைந்த பத்தாயத்தில் நடிகரை இறக்காதே. உள்ளே முக்கால் உயரத்தில் சட்டம் அடித்து ஒட்டுப்பலகை போடு. நாலடிக்கு நாலடி என்றால் மேலே இரண்டு அங்குலம் நெல் பரப்ப கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பம் ஒன்று போதும். புதைவது போலக் காட்டப் பலகையில் இடுப்பளவு ஓட்டை வெட்டி, கீழே ஸ்டூல் வைத்து ஆளை நிறுத்தி, ஓட்டையைச் சுற்றிச் சாக்கைத் தைத்துவிடு. நெல்லை இரண்டு தடவை தூற்றி எடு, சுணை தோலில் பட்டால் அரிப்பில் அடுத்த நாள் வேலை நடக்காது. உள்ளே இருந்து வெளியே பார்க்கிற ஷாட்டுக்குப் பத்தாயம் அடுக்குகளாகப் பிரிகிற வகையா என்று தச்சரிடம் காட்டு. பிரியுமானால் பின்பக்கத்தைக் கழற்றி காமிராவை வைத்துவிடலாம்.

பேய் இதற்கு மேல் என்ன செய்யவேண்டும்? காலிப் பத்தாயத்தின் அடியிலிருந்து ராத்திரியில் நெல் உதிர்கிற சத்தம் வரவேண்டும், அவ்வளவுதான். முதல் ராத்திரி ஓட்டின்மேல் மரநாய் ஓடுகிற சத்தத்தில் பேரன் விழித்துக்கொள்ளட்டும், பார்வையாளரும் மூச்சு விடட்டும். நெல் சத்தம் இரண்டாம் ராத்திரி.

கறுப்பு நாயையும் சேவலையும் எடுத்துவிடு. எந்த விலங்கை நடிக்கவைத்தாலும் விலங்குகள் நல வாரியத்தின் முன்அனுமதி வேண்டும், இல்லையென்றால் சென்சாரில் படம் நிற்கும். நல்ல பாம்பு வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது, யோசிக்கவே யோசிக்காதே. எரிகிற குடிசை வேண்டாம் என்பதற்குச் செலவு காரணமில்லை. 1968 டிசம்பர் 25-இல் கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட மண் இது. கூலி கேட்டவர்கள் அவர்கள். அந்தக் காட்சியைத் திகில் படத்தில் பயமுறுத்தலாக வைக்க நமக்கு உரிமையில்லை என்று நான் நினைக்கிறேன். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

இனி வீடு. வாசலில் நின்றால் ரேழி, கூடம், இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிக் கொல்லைக் கதவு நேர்க்கோட்டில் தெரிகிறது. இந்த ஒரு அமைப்பே உனக்குப் பாதி படம். 35 எம்.எம். லென்ஸை மூன்றடி உயரத்தில், உட்கார்ந்திருப்பவன் கண்மட்டத்தில் வை. முற்றத்தில் கொஞ்சம் வெளிச்சம், கொல்லைக் கதவுக்கு வெளியே கொஞ்சம் வெளிச்சம், நடுவில் இருக்கிற கட்டுகள் இருட்டு. தூரத்து நிலைக்குக் குறுக்கே யாரோ ஒருவர் சாதாரண நடையில் கடந்துபோகட்டும். காமிரா அசையக் கூடாது, யாரும் கவனித்ததாகக் காட்டவும் கூடாது. பகலில் முற்றத்து வெயில் சுளீரென்று விழுந்து கூடம் கரியாகிவிடும். எட்டுமுழ வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்து முற்றத்தின் மேலே கட்டினால் வெளிச்சம் பதமாகும்.

எஃப்எக்ஸ்3 காமிரா வாடகைக்கு எடுப்பதாக எழுதியிருக்கிறாய், நல்லது. எஸ்-லாக்3 என்கிற பதிவு முறையில் அதற்கு 800, 12,800 என்று இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளியுணர் அளவு). ராத்திரியில் பயந்துகொண்டு 6,400 வைத்தால் 12,800-ஐ விட, மணல் தூவினாற்போன்ற புள்ளி படத்தில் அதிகமாக வரும். ஷட்டர் 1/50. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதற்கு மாறாக வைத்தால் டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்பும் திரையில் அலையடிக்கும். எல்லாவற்றையும் கருப்பாக எடுத்துவிட்டுப் பிறகு தூக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. ஃப்ரேமில் எங்காவது ஓர் அரிக்கேன் விளக்கு எரியட்டும், அதற்குச் சரியாக எக்ஸ்போஸ் பண்ணி, மற்றதைக் கலர் வேலையில் இறக்கு. திரியை ஏற்றிவைத்தால் பத்து நிமிஷத்தில் சிம்னியில் கரி பிடித்து வெளிச்சம் பாதியாகும், ஷாட்டுக்கு ஷாட் ஒட்டாது. திரியின் முனையைச் சமமாக வெட்டித் தாழ்த்தி வை, மாற்றுச் சிம்னி மூன்று கைவசம் இருக்கட்டும். முகத்துக்கு வேண்டிய வெளிச்சத்தை விளக்குக்குப் பின்னால், காமிராவுக்குத் தெரியாமல் செருகிய சின்ன மஞ்சள் பல்பிலிருந்து எடு.

அந்திப் பொழுதை நம்பி நிறையக் காட்சி எழுதியிருக்கிறாய். நம் ஊரில் சூரியன் விழுந்து இருபது, இருபத்திரண்டு நிமிஷத்தில் இருட்டு. அதற்குள் இரண்டு ஷாட் கிடைத்தால் பெரிது. வாய்க்கால் கரையில் அவன் நிற்கிற காட்சியை மூன்று அந்திகளாகப் பிரித்து எடு. நடிகருக்கு உடை மாறாமல் இருந்தால் போதும்.

கையில் இருக்கிற காசில் அதிகம் ஒலிக்குப் போகட்டும். படம் கொஞ்சம் மங்கினால் மன்னிப்பார்கள், வசனம் எதிரொலித்தால் எழுந்து போய்விடுவார்கள். கூடத்தில் சிவப்புச் சிமெண்ட் தரையும் சுண்ணாம்புச் சுவரும் சேர்ந்து கணகணக்கும். காமிராவில் படாத தரையெல்லாம் ஜமுக்காளம் விரி, எதிர்ச்சுவரில் கம்பளி தொங்கவிடு. ஒவ்வோர் அறையிலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் வெறும் அறையின் ஒலியைப் பதிவு செய். ஊஞ்சல் சங்கிலியின் கிறீச்சு உனக்குப் பொக்கிஷம், ஆனால் வசனத்துக்குக் குறுக்கே வந்தால் எடிட்டில் பிரிக்க முடியாது. வசனம் எடுக்கும்போது கொக்கியில் தேங்காயெண்ணெய் தடவு. முடிந்ததும் துடைத்துவிட்டு, மைக்கை உத்திரத்தோடு கட்டிக் கிறீச்சைத் தனியாக எடு. நெல் உதிர்வதையும் தனியாக: மூங்கில் முறத்தின்மேல், ஓர் அடி உயரத்திலிருந்து, ஒரு பிடி, பிறகு நாலு மணி, பிறகு ஒரே ஒரு மணி. அந்த ஒற்றை மணி சத்தம்தான் உன் படம்.

தேதியை மாற்று. தையில் சம்பா அறுவடை, அறுவடை மிஷின் ராத்திரியிலும் ஓடும். அறுத்த வயலும் அறுக்காத வயலும் பத்து நாளில் வேறு ஊராகத் தெரியும். மேட்டூரை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். ஆகவே வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற காட்சிகளை மட்டும் பொங்கலுக்கு முன்பே மூன்று நாள் வந்து முடித்துக்கொண்டு போ. மீதியெல்லாம் மாசியில். மழை இல்லை, தவளை இல்லை, ராத்திரி வெளியே நிற்கமுடியும். கோவிலில் மார்கழி ஸ்பீக்கரும் இருக்காது. விடியற்காலைப் பனி கிடைத்தால் எடு, ஆனால் அதை நம்பிக் காட்சி எழுதாதே. புகைக்குச் சாம்பிராணி வேண்டாம், காற்றில் திட்டுத் திட்டாக நிற்கும், நடிகர்கள் இருமுவார்கள். புகை மிஷின் வாடகைக்குக் கிடைக்கிறது.

பதினைந்து நாள், பத்துப் பேர் என்ற கணக்கு சரிதான். விளக்கு மொத்தமும் எல்.இ.டி.யாக ஒரு கிலோவாட்டுக்குள் அடங்கினால் வீட்டுக் கரண்டிலேயே ஓட்டலாம். பழைய வயரிங்கை முதலில் எலக்ட்ரீஷியனிடம் காட்டி எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிடு. ஜெனரேட்டர் வைத்தால் கொல்லைக் கோடியில், வைக்கோல் போர் பக்கம் போகாமல். 4கே-யில் உயர்ந்த தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 108 ஜி.பி. ஆகும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் பதினைந்து நாளில் மூன்றேகால் டி.பி. 4 டி.பி. டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வை. பஞ்சாயத்துத் தலைவருக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் தேதி போட்டுக் கடிதம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள். ராத்திரி அலறல் கேட்டால் ஊர் திரண்டு வரும்.

பத்தாயத்தின் நீள அகல உயரத்தையும், அடி வாய் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்பதையும் அளந்து எழுது. ஆறு அங்குலத்துக்குக் கீழே என்றால் நெல் விழுகிற ஷாட்டுக்கு காமிரா நுழையாது, பத்தாயத்தைக் கட்டை கொடுத்துத் தூக்கவேண்டும். அதற்கு ஆறு ஆள், இரண்டு கடப்பாரை, அரை நாள் ஆகும். ஆட்களை நான் இங்கிருந்து சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
ராமு