வம்சாவளியில் ஒரு பெயரை ஏற்றுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

அந்தியேட்டிக் கல்வெட்டுகளிலும் (இறந்தவர் நினைவாக அச்சிடும் நூல்கள்) கும்பாபிஷேக மலர்களிலும் குடும்ப வம்சாவளியை அச்சிடும் ஆர்வம் வன்னியில் அண்மைக்காலமாகக் கூடியிருக்கிறது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து காணி உறுதிப் பத்திரமும் படமும் பிறப்புப் பத்திரமும் தொலைத்த நாங்கள், நினைவில் எஞ்சியதையாவது எழுத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று நினைப்பது இயல்பே. ஆயினும் அச்சில் ஏறிய பெயரை அடுத்த தலைமுறை கேள்வியின்றி நம்பிவிடும் என்பதால், ஏற்றுவதற்கு முன் சான்றுகளை நிறுத்துப் பார்ப்பது நமது கடமை. என் குடும்பத்தில் நேர்ந்ததையே எடுத்துக்காட்டாக எழுதுகிறேன்.

என் பெரியப்பாவின் 31ஆம் நாளுக்கு வெளியிடும் கல்வெட்டில், எங்கள் பூட்டனாரின் தகப்பன், ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வன்னித் தலைவன் பண்டாரவன்னியனின் படையில் நின்று கச்சிலைமடுவில் வீழ்ந்தவர் என்றும், அவர் இறந்து இரண்டு மாதத்தில் பூட்டனார் பிறந்தார் என்றும் அச்சிட ஏற்பாடாயிற்று. இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டவை இரண்டு: அப்பாச்சி சொன்ன கதை ஒன்று, பூட்டனாரின் சாதக ஏடு மற்றொன்று.

அந்த ஏடு 2009இல் மாத்தளனைக் கடந்து, பால்மா ரின் ஒன்றில் சேலைத்துண்டு சுற்றியபடி, செட்டிகுளம் முகாம்வரை எங்களுடன் வந்தது. வலப்பக்க ஓரத்தைச் செல் (கறையான்) அரித்துவிட்டது. கரியும் கோவையிலைச் சாறும் பூசித் துடைத்த பின்னரே எழுத்துகள் துலங்கின. ருத்ரோத்காரி வருடம், மார்கழி மாதம் என்பது ஐயமின்றி வாசிக்கக்கூடியதாக இருந்தது. திகதியையும் நட்சத்திரத்தையும் செல் தின்றுவிட்டது. இராசிக் கட்டம் முழுமையாக இருந்தது. 1803 ஒக்டோபர் 31இல் கச்சிலைமடுச் சண்டை நடந்தது. அந்த ஆண்டு ருத்ரோத்காரி. இரண்டு மாதம் கழித்து மார்கழி. கதையும் ஏடும் இவ்வளவு பொருந்தி வந்தபோது வீட்டில் எவருக்கும் ஐயம் எழவில்லை என்பதில் வியப்பில்லை.

ஆனால் நம் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன. 1803 எப்படி ருத்ரோத்காரியோ, அப்படியே 1863உம் ருத்ரோத்காரி. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்தச் சுற்று என்று சொல்ல இயலாது. கல்வெட்டுகளில் வரும் பழைய திதி வெண்பாக்களுக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. இந்த ஐயத்தை ஊர்ச் சாத்திரியார் ஒருவரிடம் கொண்டுபோனபோது, அவர் முதலில் சனியைப் பார்த்தார். இரண்டு சுற்றுகளிலும் சனி கன்னியில்தான் நின்றது. அறுபது ஆண்டில் சனி இரண்டு சுற்று முடித்துப் பழைய இடத்தை அண்டிவிடும் என்பதால் அதனால் பயனில்லை என்றார். பிறகு இராகுவைப் பார்த்தார். இராகு ஒரு சுற்று வர ஏறக்குறையப் பதினெட்டரை ஆண்டுகள் ஆவதால், அறுபது ஆண்டில் அது பழைய இராசிக்குத் திரும்பாது. 1803 மார்கழியில் இராகு மகரத்தில். 1863 மார்கழியில் விருச்சிகத்தில். எங்கள் ஏட்டிலே ‘ரா’ என்ற எழுத்து விருச்சிகக் கட்டத்தில் எழுத்தாணியால் ஆழமாகக் கீறப்பட்டிருக்கிறது. நான் அதை விரலால் தடவிப் பார்த்தேன்.

ஆகவே பூட்டனார் பிறந்தது 1863 மார்கழியில். தலைமுறைக் கணக்கும் இதையே சொல்கிறது. என் பேரனார் (தகப்பனின் தகப்பன்) 1890களில் பிறந்தவர். அவருடைய தகப்பன் 1803இல் பிறந்திருந்தால் தொண்ணூறு வயதை அண்டிய பருவத்தில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். இந்த இடைவெளியை நிரப்புவதற்காகப் பெயர் தெரியாத ஒருவரை இடையில் செருகியிருந்தார்கள். சான்று தேவைப்படும் இடத்தில் ஓர் ஆளைச் செருகுவது எனக்கு உடன்பாடன்று.

மூன்றாவது சான்று 1911ஆம் ஆண்டுச் சீதன உறுதி. பூட்டனார் தம் மகளுக்கு எழுதிக்கொடுத்தது. மூல உறுதி போய்விட்டது, பிரதி இருக்கிறது. அதில் அவருடைய பெயருக்கு முன்னே நிற்கும் தகப்பன் பெயர், கதையில் வரும் வீரனின் பெயரன்று, முற்றிலும் வேறொன்று. நொத்தாரிசு பிழையாக எழுதியிருப்பார் என்று பெரியப்பாவின் மூத்த மகன் வாதிட்டார். பொதுவில் பழைய உறுதிகளில் பிழைகள் உண்டென்பதை நானும் அறிவேன். எனினும் காணியைக் கொடுப்பவர் நேரில் நின்று, சாட்சிகள் முன்னிலையில், வாசிக்கக் கேட்டுக் கைநாட்டு வைத்த பத்திரத்தில் சொந்தத் தகப்பனின் பெயரே மாறிப்போகும் என்று ஏற்பது எளிதன்று. அதே உறுதியில் இன்னொரு வரி இருக்கிறது: அந்தக் காணி பூட்டனாருக்குத் தாயாரின் சீதன வழியாக வந்தது. வடபகுதித் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி முதுசமா (முன்னோர் வழிச் சொத்து), சீதனமா, தேடியதேட்டமா (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று உறுதிகளில் குறிப்பதன் அருமை இப்படிப்பட்ட இடத்தில்தான் புலப்படுகிறது. காணி தாய்வழி என்றால், கதையில் வரும் மனிதரும் தாய்வழியாக இருக்கலாம் அல்லவா?

கதையில் வீழ்ந்தவரின் பெயரும் எங்கள் பூட்டனாரின் பெயரும் ஒன்றே. தாயின் தகப்பன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம்மிடையே இன்றும் உள்ள வழக்கம். தாய்வழிப் பாட்டனின் கதை, ஒரே பெயர் காரணமாகப் பேரனின் தகப்பன்மேல் ஏறியிருக்கக்கூடும். அப்படியானால் அவர் 1803இல் வீழ்ந்திருக்க முடியாது; வீழ்ந்திருந்தால் அவருடைய மகள் ஏறக்குறைய அறுபது வயதில் பூட்டனாரைப் பெற்றிருக்க வேண்டும். இது என் ஊகம்; ஊகமாகவே எழுதுகிறேன்.

கதையையும் நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. அப்பாச்சி, அவருடைய தங்கை, என் மாமி ஆகிய மூவரும் அதை ஏறக்குறைய ஒரே மாதிரிச் சொன்னார்கள் என்பதால் மூன்று சாட்சி என்று முதலில் எண்ணினேன். விசாரித்தபோது மூவரும் பூட்டியின் வாயால் கேட்டவர்களே. ஆகவே அது ஒரு சாட்சி. மார்கழியில் பிள்ளை பிறந்தது என்ற பகுதியும் ஏட்டை யாரோ வாசித்த பின் கதைக்குள் புகுந்திருக்கலாம். அப்படியானால் ஒன்றுக்கொன்று துணைநிற்பதாக நாம் நம்பிய இரண்டும் தனித்தனிச் சான்றுகள் அல்ல. கச்சிலைமடுவில் நாட்டப்பட்ட நடுகல்லில்கூட, ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்றுதான் இருந்ததே அன்றிக் கொன்றார் என்று இல்லை. அதன் பின்னும் அவர் சில ஆண்டுகள் வாழ்ந்தார் என்று எழுதியோரும் உளர். தலைவனின் முடிவே இரு வகையாகச் சொல்லப்படும்போது, அவனோடு நின்றதாகச் சொல்லப்படும் ஒருவரின் முடிவை இத்தனை உறுதியாக எப்படி எழுதுவது?

வீட்டில் இதனால் மனத்தாங்கல் வந்தது. வீரனின் வழித்தோன்றல் என்ற பெருமையை நான் பறிக்கிறேன் என்று சிலர் வருந்தினர். கூடிப் பேசி, கல்வெட்டில் பூட்டனாரின் பிறப்பை 1863 என்றும், தகப்பன் பெயரை உறுதியில் உள்ளபடியும் இடுவதாகவும், கதையை அப்பாச்சி சொன்ன சொற்களிலேயே, யார் யாரிடம் கேட்டது என்ற விபரத்துடன் தனிப்பந்தியாகச் சேர்ப்பதாகவும் முடிவு செய்தோம். தாயாரின் தகப்பன் பெயருக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது.

அந்த இடத்தை நிரப்ப ஒரு வழி இருக்கிறது. ஒட்டுசுட்டான், கச்சிலைமடு, முள்ளியவளைப் பகுதிகளில் 1860களுக்கு முந்திய சீதன உறுதிகளோ சாதக ஏடுகளோ இன்னும் எவர் வீட்டிலாவது இருக்கலாம். அவற்றை வைத்திருப்போர் எரித்துவிடாமலும் ஆற்றில் விட்டுவிடாமலும், படமெடுத்தாவது பாதுகாக்குமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
முள்ளியவளை.