மருந்து ஃப்ரீதான், நாங்க கேக்குறது செருப்புக்கும் கதவுக்கும்

எல்லாருக்கும் வணக்கம். தொழுநோய், பால்வினை நோய் ரெண்டையும் பாக்குற பொது கிளினிக்குக்கு உதவி பண்ற கமிட்டி சார்பா எழுதுறேன். மொதல்லயே தெளிவா சொல்லிடுறேன், மருந்து வாங்க உங்ககிட்ட காசு கேட்டு வரல. தொழுநோய்க்கு குடுக்குற கூட்டு மருந்து, எம்டிடின்னு சொல்வாங்க, 1995லேர்ந்து உலக சுகாதார நிறுவனம் வழியா உலகம் பூரா ஃப்ரீயாவே வருது, மாசத்துக்கு ஒரு அட்டை, நோயோட அளவப் பொறுத்து 6 மாசம் இல்லன்னா 12 மாசம், அவ்ளோதான். அந்த அட்டைக்கு யாராச்சும் காசு கேட்டா குடுக்காதீங்க, ஏன்னு திருப்பி கேளுங்க. எங்களுக்கு இடிக்கிறதெல்லாம் அந்த அட்டை முடிஞ்சப்புறம் வர்ற செலவு, அதுக்கு யாரும் கணக்கு போட்டு வைக்கல.

போன வருஷம் ஒரு பெரியவர் கட்டு மாத்த வந்தாரு. கோர்ஸ் முடிச்சு பல வருஷம் ஆச்சு, உடம்புல கிருமி இல்ல, அவர்கிட்டேர்ந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. சிஸ்டர் செருப்ப கழட்டச் சொன்னாங்க, கால தூக்குறாரு, செருப்பும் கூடவே வருது. வார் அறுந்துபோச்சுன்னு எங்கயோ ஒரு ஆணி அடிச்சு வாங்கிருக்காரு, அந்த ஆணி நடக்க நடக்க மேல ஏறி உள்ளங்கால்ல இறங்கி நிக்குது, மனுஷன் அதோடயே காலைலேர்ந்து நடந்திருக்காரு. முகத்துல ஒரு சுளிப்பு இல்ல. "என்னம்மா எல்லாரும் அப்டி பாக்குறீங்க"ன்னு கேட்டாரு பாருங்க, பக்கத்துல நின்ன எனக்கு பதில் சொல்ல வாய் வரல.

இந்த நோய்ல விரல் தானா அழுகி உதிர்ந்துடும்னு இன்னும் நெறைய பேர் நெனைக்கிறாங்க, படிச்சவங்களும்தான். அது அப்டி இல்ல. கிருமி நரம்புல போய் உக்காந்துக்குது, ரொம்ப மெதுவா பெருகுற கிருமி, ஒன்னு ரெண்டாகவே ரெண்டு வாரம் பக்கம் ஆகும், அதனால வெளிய தெரியறதுக்கே சராசரியா 5 வருஷம், சிலருக்கு 20 வருஷம் கூட ஆகுது. நரம்பு செத்துட்டா சூடு தெரியாது, குத்து தெரியாது, கொப்புளம் வந்தா நடையையும் மாத்திக்கத் தோணாது, அதே எடத்துல மிதிச்சு மிதிச்சு புண்ணாகி, சீழ் எலும்பு வரைக்கும் போயி அப்டித்தான் விரல் குட்டையாகுது. மாத்திரை கிருமியக் கொல்லும், செத்த நரம்ப எழுப்பாது. புதுசா மரத்துப்போன கைகால்னா 6 மாசத்துக்குள்ள கண்டுபிடிச்சு ஸ்டீராய்டு குடுத்தா மீள வாய்ப்பு இருக்கு, அதுக்கு மேல போயிடுச்சுன்னா மிச்ச காலம் பூரா செருப்புதான் மருந்து.

அதுவும் சாதா செருப்பு ஆகாது. உள்ள எம்சிஆர்னு மெத்துன்னு ஒரு ரப்பர் ஷீட், அடியில முள்ளு ஏறாத கெட்டி சோல், பின்னாடி கட்டாயம் ஒரு வார் (அது இல்லன்னா செருப்பு கழண்டு வழியில விழுந்தது கூட அவங்களுக்குத் தெரியாது), எல்லாம் பசையும் தையலும்தான், ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது. ஒவ்வொருத்தர் பாதமும் ஒவ்வொரு மாதிரி வளைஞ்சு குறுகியிருக்கும், அதனால காலப் பேப்பர்ல வச்சு வரைஞ்சுதான் வெட்டணும். தெனம் நடக்குற காலுக்கு அதுவும் சீக்கிரமே தேஞ்சு போகும், திரும்ப செய்யணும். செருப்பு கூட வேற சில சாமானும் வேணும், கால் ஊற வைக்க பேசின், தடிச்ச தோல தேய்க்க கல்லு, மேல தடவ எண்ணெய், கண்ணு முழுசா மூட முடியாதவங்களுக்கு கண்ணாடியும் சொட்டு மருந்தும். ஊற வைக்கிறது பச்சத் தண்ணியிலதான், வெந்நி கூடாது, வெந்து போனாலும் அவங்களுக்குத் தெரியாதே.

அடுத்தது கதவு. சிரிக்காதீங்க, நெஜமாவே ஒரு கதவுதான். பால்வினை நோய் ஓபியும் இதே வராண்டாவுலதான் நடக்குது. ஒரு தம்பி வருவான், வரிசையில பின்னாடி பத்து பேர் நிப்பாங்க, டாக்டர் என்னப்பான்னு கேட்டதும் "அரிப்பு சார்"னு சொல்லி ஒரு களிம்பு வாங்கிட்டு போயிடுவான், உள்ள இருக்குறது சிஃபிலிஸ் புண்ணா இருக்கும். அந்த நோயோட கெட்ட குணமே என்னன்னா மொதல்ல வர்ற புண்ணு வலிக்காது, சில வாரத்துல தானா ஆறியும் போயிடும், இவன் களிம்புலதான் சரியாச்சுன்னு நெனச்சுப்பான், கிருமி பாட்டுக்கு ரத்தத்துல இருக்கும். ஆரம்பத்துல புடிச்சா ஒரே ஒரு தடவ பென்சிலின் ஊசி, 24 லட்சம் யூனிட், வலிக்கும்தான் ஆனா அதோட வேல முடிஞ்சது. விட்டா அவன் சம்சாரத்துக்குப் போகும், அவ மாசமா இருந்தா வயித்துல உள்ள புள்ளைக்கும் போகும். 1943லயே பென்சிலின்ல இது குணமாகும்னு காட்டிட்டாங்க, இன்னமும் இந்த நோயோட புள்ளைங்க பொறக்குதுன்னா குறை ஊசியிலயா இருக்கு?

இதுல நாங்க பண்ண கூத்தையும் சொல்லிடுறேன். மொத தடவ வசூலான காசுல பிளைவுட் அடிச்சு ஒரு ரூம் மாதிரி தடுத்தோம், மேல கூரை வரைக்கும் போகாம பாதியில நிறுத்திட்டோம், காத்து வரட்டும்னு கமிட்டியில ஒருத்தர் சொன்னாரு (நான்தான்). காத்து வந்துச்சு, உள்ள பேசுறது பூரா வெளிய பெஞ்சுக்கும் வந்துச்சு. வெளிய ஒரு அம்மா காதுல விழுந்தத பக்கத்துல இருந்தவங்களுக்கு எடுத்து சொல்லிட்டு இருந்தாங்க. இந்த தடவ கூரை வரைக்கும் சுவரு, உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு, உள்ள ஒரு எக்ஸாமினேஷன் டேபிள், நல்ல லைட்டு. கூடவே பொம்பளைங்களுக்குத் தனி நேரம், அந்த நேரத்துக்கு ஒரு பெண் கவுன்சிலர் (வார்டு கவுன்சிலர் இல்லீங்க, வர்றவங்ககிட்ட உக்காந்து பேசி நோயப் பத்தி வெளக்கி சொல்றவங்க).

கவுன்சிலர் எதுக்குன்னு போன மீட்டிங்ல ஒருத்தர் கேட்டாரு. முத்துன தொழுநோய் இருக்கவங்களுக்கு விடிஆர்எல்னு சிஃபிலிஸுக்குப் பாக்குற ரத்த டெஸ்ட் பண்ணா சில சமயம் சிஃபிலிஸே இல்லாம பாசிட்டிவ்னு காட்டும், டிபிஹெச்ஏன்னு இன்னொரு டெஸ்ட் போட்டுத்தான் உறுதி பண்ணணும். எங்க கண்ணு முன்னாடியே ஒரு குடும்பத்துல இந்த மொத ரிப்போர்ட்ட வச்சு புருஷன் பொண்டாட்டிக்குள்ள பெரிய சண்டை, அந்தக்கா புள்ளைய தூக்கிட்டு அம்மா வீட்டுக்கே போயிட்டாங்க. அடுத்த டெஸ்ட்ல ஒன்னுமில்லன்னு வந்துச்சு, ஆனா பேசின பேச்ச யாரு அள்ளுறது? ரிப்போர்ட்ட கையில குடுக்குறப்பவே ஒருத்தர் உக்காந்து நிதானமா சொல்லிருந்தா இது நடந்தே இருக்காது. அந்த கவுன்சிலர் வந்து போற செலவும் வாரத்துல ரெண்டு நாள் சம்பளமும்தான் நாங்க கேக்குறது.

பெரிய தொகைன்னு இல்ல, முடிஞ்சத குடுங்க, மாசாமாசம் கொஞ்சமா குடுத்தாலும் எங்களுக்கு அதுதான் வசதி, ஏன்னா ஷீட்டு மாசாமாசம் வாங்க வேண்டியிருக்கு. ரசீது உண்டு, வரவு செலவு கிளினிக் வாசல்ல ஒட்டுவோம். பழைய செருப்பு மட்டும் தயவுசெஞ்சு கொண்டு வராதீங்க, போன தடவ மூட்டை மூட்டையா வந்துச்சு, அடுத்தவங்க காலுக்குப் பழகுன செருப்பு இவங்க காலப் புண்ணாக்கிடும். இன்னொன்னு, குடுத்த காசுக்கு போட்டோ அனுப்புங்க, யாருக்கு போச்சுன்னு முகம் தெரியணும்னு சிலர் கேக்குறாங்க. அது முடியாதுங்க. உங்க நல்ல மனசு புரியுது, ஆனா இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் வீட்டுக்கே சொல்லாம வர்றவங்க. செருப்ப மட்டும் வேணா போட்டோ புடிச்சு அனுப்புறோம்.

தைக்கிற அண்ணன் ரெடியா இருக்காரு. அளவெடுத்த பேப்பரெல்லாம் பேர் எழுதி கட்டு கட்டா அவர் மேஜை மேல கிடக்கு, ஷீட்டு வந்து இறங்கின அன்னைக்கே வெட்ட ஆரம்பிச்சுடுவாரு, மொத ஜோடி அந்த ஆணிப் பெரியவருக்கு.