டிரெய்லர் சேசிஸுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

சுங்கை சிப்புட் வட்டார உறவுகளுக்கு வணக்கம்.

வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் காம்பிங் டிரெய்லரின் சேசிஸ், அதாவது அடிச்சட்ட வேலை முடிந்தது. யார் எதைச் செய்து கொடுத்தார்கள் என்று விவரமாகவே எழுதுகிறோம். இதே வேலையில் இறங்குவோருக்கும் பயன்படும்.

முதல் நன்றி பழைய கார்ச் சாமான் கடை அங்கிளுக்கு. மைவி காரின் பின் அச்சோடு, அது பாடியில் மாட்டியிருந்த பிராக்கெட்டுகளையும் சுற்றுத் தகட்டுடன் வெட்டிக் கொடுத்தார். போல்ட் துளைகளின் கோணம் பிசகாமல் கிடைத்தது அதனால்தான். அச்சின் நடுப்பகுதி முறுகிக் கொடுக்க வேண்டியது; அங்கே ஒரு பொட்டு வெல்டிங் வைத்தாலும் விரிசல் தொடங்கிவிடும் என்று சொல்லி அனுப்பியவரும் அவரே.

வெல்டிங் பட்டறை அண்ணனுக்குத்தான் பெரிய கடன். 50×50×3 மி.மீ. சதுரக் குழாய் 16 மீட்டர், ஏறக்குறைய 70 கிலோ. பொட்டுப் பொட்டாகப் பிடித்து, இரண்டு மூலைவிட்டங்களும் சமமான பிறகே முழு வெல்டிங் ஓட்டினார். இந்தப் பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம். ஒரே பக்கமாக ஓட்டினால் சூட்டில் சட்டம் வளைந்துவிடும். இழுவைக் குழாய் முன்சட்டத்தைக் கடக்கும் இடத்தில் குறுக்கே பற்றவைக்க அவர் இடம் கொடுக்கவேயில்லை. குலுங்கும்போது அதிகம் வளையும் இடம் அது. குறுக்கு வெல்டிங்கின் ஓரத்தில் குழாய் கிழியும். முனை குறுகிய தகடு வைத்து நீளவாக்கில் பற்றவைத்தார். பார்க்கவே அழகான வேலை.

மெக்கானிக் தம்பி பேரிங் இரண்டையும் புதிதாக மாற்றினார். இழுக்கும் வண்டியோடு மாட்டும் கப்ளிங்கிலிருந்து இரு சக்கரங்களுக்கும் தூரம் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்தார். வித்தியாசம் இருந்தால் வண்டி கோணலாக ஓடும், டயர் தேயும். அச்சு மாட்டும் இடத்து ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைப் பாரம் ஏற்றி, ஸ்பிரிங் அமர்ந்த பிறகே இறுக்கினார். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுகி நின்று சீக்கிரம் கிழியும்.

செம்பனைக் குலை எடைமேடையைத் திறந்துவிட்ட ஐயாவுக்கும் நன்றி. கூடாரம், அடுப்பு, தண்ணீர் எல்லாம் ஏற்றி 400 கிலோ. கப்ளிங்கை மட்டும் இழுக்கும் உயரத்தில் தாங்கி எடைபோட்டோம். அங்கே மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது விழ வேண்டும். குறைந்தால் வேகத்தில் வால் ஆடும், அது உயிராபத்து. அடுப்புப் பெட்டியை அச்சுக்கு முன்னே நகர்த்தி 40 கிலோவுக்குக் கொண்டுவந்தோம். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு நேர்மேலே இருக்கிறது. காலியானாலும் நிதானம் மாறாது.

ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ஒப்புதல் இல்லாமல் சாலையில் இறக்க மாட்டோம். படிவங்களைப் பொறுமையாக விளக்கிய அக்காவுக்கும், கிரைண்டர் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட லயத்து வீட்டாருக்கும் நன்றி.

அளவுத் தாள் வெல்டிங் பட்டறையில் இருக்கிறது. வேண்டுவோர் படியெடுத்துக்கொள்ளலாம்.