சிலந்தி மனிதனும் மல்லாரியும்

திருச்சி
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்குச் சாக்கு எதுவும் இல்லை, சோம்பல்தான். மேல்வரிசையில் நான்கு பல்லை எடுத்துவிட்டுக் கட்டுப்பல் வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்தவுடன் எனக்குத் தோன்றிய கேள்வி சாப்பாட்டைப் பற்றியதல்ல. டிரம்பெட்டில் மேல் ஸ்வரம் நிற்கிறதா? உதடு பல்லின் மேல்தானே உட்கார்ந்திருந்தது! என் பங்குக்கு இடது கைச் சுண்டுவிரல் காலையில் மடங்க மறுக்கிறது. மெழுகு ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நல்லவேளை, இப்போது நம்மை யாரும் கச்சேரிக்குக் கூப்பிடுவதில்லை.

வீட்டில் எல்லோரும் நலம். உன் தங்கை பள்ளியிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டாள். ஓய்வுபெற்ற மறுநாளே வீட்டுக்கு ஒரு கால அட்டவணை போட்டுவிட்டாள், அதில் எனக்கும் இரண்டு பீரியட் உண்டு. பெரியவள் ஓசூரில் இருக்கிறாள். சின்னவன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு.

இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே சின்னவன்தான். போன சனிக்கிழமை அவனுடைய நண்பர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். மொட்டைமாடியில் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள் நள்ளிரவு வரை சண்டை போட்டார்கள். அரசியல் இல்லை, கிரிக்கெட் இல்லை. ஸ்பைடர்மேனுக்கு உண்மையான இசை யாருடையது என்பதுதான் வழக்கு. ஒருவன் 2002-ல் டேனி எல்ஃப்மேன் போட்டதுதான் என்றான். இன்னொருவன் 2012-ல் ஜேம்ஸ் ஹார்னர் போட்டது என்றான். நம் வீட்டுப் பிள்ளை 2014-ல் ஹான்ஸ் ஜிம்மர் போட்டதுக்காகக் குரல் கம்மும் வரை வாதாடினான். தண்ணீர் கொடுக்கப் போன நான் படியிலேயே நின்றுவிட்டேன். நாம் இருவரும் அந்தத் தியேட்டருக்கு வெளியே டீக்கடையில் போட்ட அதே சண்டை, மாப்பிள்ளை! சொற்கள் கூட மாறவில்லை.

உனக்கு நினைவிருக்கும். 2014 கோடை விடுமுறை. 'அமேசிங் ஸ்பைடர்மேன்' இரண்டாம் பாகம், தமிழில் மொழிமாற்றம் செய்தது. சின்னவனுக்கு ஒன்பது வயது, படம் முடிந்ததும் உன் தோளில் ஏறிக்கொண்டான். இயக்குநர் அதே மார்க் வெப், கதாநாயகன் அதே ஆண்ட்ரூ கார்ஃபீல்டு, கதாநாயகி அதே எம்மா ஸ்டோன். மாறியது இசை. முதல் படத்துக்கு இசையமைத்த ஹார்னர் இரண்டாவதில் இல்லை. அவருடைய இடத்தில் ஜிம்மர், கூடவே 'மேக்னிஃபிசென்ட் சிக்ஸ்' என்று பெயர் சூட்டிக்கொண்ட ஆறு பேர். ஃபேரல் வில்லியம்ஸ், பழைய ஸ்மித்ஸ் இசைக்குழுவின் கிதார்காரர் ஜானி மார், ஜங்கி எக்ஸ்எல் எல்லாம் அதில் உண்டு. பள்ளிப் படிப்பை முடிக்கிற பையனின் கதைக்கு நான்கு நண்பர்கள் சேர்ந்து வாசிக்கும் பேண்டு போல ஓர் இசை இருந்தால் என்ன என்பது அவர்கள் யோசனை. நான் டீயைக் கூடக் குடிக்காமல் கத்தினேன்: "ஊர் கூடித் தேர் இழுக்கலாம், ஊர் கூடி மெட்டுப் போட முடியுமா?" நீ அமைதியாகக் கேட்டாய்: "அந்த டிரம்பெட்டைக் கேட்டாயா, இல்லையா?"

பதினோரு வருடம் கழித்து இப்போதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஹார்னரின் முதல் படத்தில் பீட்டருக்கும் (ஸ்பைடர்மேன்தான்) அவன் காதலி க்வென்னுக்கும் வரும் இடங்களில் பியானோ கொஞ்சும். ஜிம்மரின் படத்தில் ஸ்பைடர்மேன் வந்ததுமே டிரம்பெட் முழங்கும். நீ டிரம்பெட், நான் கீபோர்டு. நாம் இரண்டு இசையமைப்பாளர்களுக்காக வாதாடியதாக நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அவரவர் வாத்தியத்துக்கு அவரவர் வக்கீலாக நின்றிருக்கிறோம்!

அன்று நான் அதிகம் திட்டியது வில்லன் எலக்ட்ரோவுக்கு வந்த இசையை. "மிக்ஸியில் ஆணியைப் போட்டு அரைக்கிற மாதிரி" என்று சொன்னதாக நினைவு. மொட்டைமாடிச் சண்டைக்கு மறுநாள் சின்னவனின் ஹெட்போனை வாங்கிக்கொண்டு அந்தக் காட்சியை மட்டும் நான்கு முறை பார்த்தேன். பார்த்ததை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

ஜேமி ஃபாக்ஸ் நடித்த மேக்ஸ் டில்லன் யார்? ஒரு பெரிய நிறுவனத்தில் மின்பொறியாளர். பிறந்தநாளுக்குக் கூட யாரும் வாழ்த்துச் சொல்லாத மனிதன். ஒருமுறை ஸ்பைடர்மேன் காப்பாற்றி, நீ எனக்கு வேண்டும் என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டதால் அதையே பிடித்துக்கொண்டு வாழ்கிறான். அவன் வரும்போதெல்லாம் கிளாரினெட் போன்ற ஊதுகருவிகள் தயங்கித் தயங்கி ஒலிக்கின்றன, கூட்டத்தில் ஒதுங்கி நடப்பவனின் நடை போல. மின்விலாங்குத் தொட்டியில் விழுந்து எலக்ட்ரோவாகி டைம்ஸ் சதுக்கத்துக்கு வருகிறான். சுற்றியிருக்கும் ராட்சதத் திரைகள் எல்லாவற்றிலும் அவன் முகம்! வாழ்க்கையில் முதல்முறையாக ஊர் அவனைப் பார்க்கிறது. அடுத்த நிமிடம் திரைகளில் அவன் முகம் மறைந்து ஸ்பைடர்மேன் முகம் வருகிறது.

அந்த இடத்தில் இசைக்குள்ளிருந்து ஆண்குரல்கள் கிசுகிசுக்கின்றன. அவன் ஏமாற்றிவிட்டான், உன்னை வெறுக்கிறான் என்கிற தோரணையில், மந்திரம் ஜெபிப்பது போல. முதலில் தணிந்து, பிறகு வேகம் ஏறி, கடைசியில் அந்த மின்னணு இடி. தியேட்டரில் அந்தக் குரல்கள் என் காதில் தெளிவாக விழவே இல்லை, இரைச்சல் மட்டுமே விழுந்தது. இப்போது புரிகிறது: அது சண்டைக் காட்சிக்கான பின்னணி இசையே இல்லை. அந்த மனிதனின் தலைக்குள் ஓடுவதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். தயங்கிய கிளாரினெட் எங்கே போய் முடிகிறது பார். நாம் பார்த்த ரீரெக்கார்டிங்கில் எத்தனை பேர் வில்லனுக்காக இவ்வளவு யோசித்திருப்பார்கள்?

குறும்பும் இருக்கிறது. கடைசிச் சண்டையில் மின்நிலையத்துக் கோபுரங்களில் ஸ்பைடர்மேனை மோதி மோதிப் பந்தாடும்போது, ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு ஸ்வரம் பிறக்கிறது. கோத்துக் கேட்டால் எல்.கே.ஜி. பிள்ளைகள் பாடும் 'இட்ஸி பிட்ஸி ஸ்பைடர்'! அந்தப் பாட்டே எனக்குப் பிடிக்காது என்று ஸ்பைடர்மேன் புலம்புகிறான். அன்று நீ சிரித்தாய். நான் ஏன் சிரிக்கிறாய் என்று முறைத்தேன்.

இதற்காக நான் கட்சி மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. காதல் காட்சிகளில் இன்னும் ஹார்னர் பக்கம்தான். மணிக்கூண்டில் க்வென் விழும் இடம் இருக்கிறதே, 1973-ல் காமிக்ஸில் வந்தபோது வாசகர்களைக் கலங்கடித்த மரணம் அது. அங்கே ஹார்னர் இருந்திருந்தால் ஒற்றைப் பியானோவை வைத்தே நம்மை எழவிடாமல் செய்திருப்பார். இதில் உன் சமாதானத்தை ஏற்க மாட்டேன்.

இனி மல்லாரிக்கு வருகிறேன். அன்று டீக்கடையில் நீதான் அதை இழுத்தாய். உன் தாத்தா நாதஸ்வரக்காரர், உனக்கு எதைச் சொன்னாலும் கடைசியில் கோயில் வாசலில்தான் வந்து முடியும். சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்காமல் சாமி கிளம்பாது, வாசிப்பவர் மாறலாம், கம்பீர நாட்டை ராகம் மாறாது என்றாய். நான் உன் வாயாலேயே உன்னைப் பிடித்தேன்: "அப்படியானால் நாயகனின் மெட்டும் சாமிக்குச் சொந்தம்தானே? வருகிறவர் எல்லாம் புதிதாகப் போட்டால் சாமி எப்படிக் கிளம்பும்?" உன்னிடம் பதில் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தேன்.

என் வாதத்துக்கு அயர்ன்மேன் சாட்சி. 2008, 2010, 2013 என்று மூன்று படம், மூன்று இசையமைப்பாளர்கள், மூன்று மெட்டு. சின்னவனின் நண்பர்களைப் பாடிக் காட்டச் சொன்னேன், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் சூப்பர்மேன் என் காலை வாரிவிடுகிறது. 1978-ல் ஜான் வில்லியம்ஸ் லண்டன் சிம்பொனி இசைக்குழுவை வைத்து முழங்கினார். 1980-ல் வந்த இரண்டாம் பாகத்துக்குக் கென் தார்ன் வந்தார். புது மெட்டுக்குப் போகாமல், வில்லியம்ஸின் மெட்டுகளையே எடுத்து, அதைவிடச் சிறிய குழுவை வைத்து வாசித்தார். நான் கேட்டதுதான் நடந்தது, மல்லாரி மாறவில்லை. ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டாவது உற்சவம் சோகையாக இருக்கிறது. தார்னைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னால் யாருக்கும் தோள் இடிக்கத்தான் செய்யும்.

மல்லாரியிலேயே எத்தனை வகை இருக்கிறது என்று நீ அன்றே சொல்லியிருக்கலாம். தேருக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று. ராகம் ஒன்றுதான், சாமி எந்தக் காரியமாகப் புறப்படுகிறார் என்பதைப் பொறுத்து அமைப்பு மாறுகிறது. இது எனக்குத் தோன்ற இத்தனை வருடம் ஆனது. உனக்குத் தோன்றியும் சொல்லாமல் விட்டாயோ?

நாமும் இதில் அடிபட்டவர்கள்தானே. மணப்பாறைப் பக்கம் ஒரு திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு பாட்டின் இன்டர்லூடை நான் கொஞ்சம் மாற்றினேன், புல்லாங்குழல் வரும் இடத்தில் வயலின் ஒலி. பாட்டு முடிவதற்குள் மேடைக்குச் சீட்டு வந்துவிட்டது: "ஒரிஜினல் போல வாசிக்கவும்." அன்று அந்த ஊரையே சபித்தேன். அப்படிப்பட்ட நானே போன வருடம் 'இந்தியன் 2' வந்தபோது, 1996-ல் ரகுமான் போட்டது எங்கே, இது எங்கே என்று அனிருத்தின் இசையை முழுதாகக் கேட்பதற்கு முன்பே சின்னவனிடம் தீர்ப்புச் சொன்னேன். மணப்பாறைச் சீட்டை எழுதியவர் இப்போது எனக்குள் குடியிருக்கிறார் போலிருக்கிறது.

இன்னொரு செய்தி. எல்ஃப்மேனுக்கும் இயக்குநர் சாம் ரைமிக்கும் 2004-ல் வந்த இரண்டாவது ஸ்பைடர்மேன் வேலையில் மனக்கசப்பு வந்தது. சில காட்சிகளுக்கு வேறு ஆட்களை வைத்து இசை செய்தார்கள். மூன்றாவது படத்துக்கு எல்ஃப்மேன் வரவில்லை, கிறிஸ்டோபர் யங் வந்தார். பிறகு இருவரும் சமாதானமானார்கள். 2022-ல் ரைமி டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் இரண்டாம் பாகத்தை எடுத்தபோது இசை எல்ஃப்மேன். இந்த முறை அவர்தான் புதியவர், முதல் படத்துக்கு இசை மைக்கேல் ஜியாக்கினோ. ஜியாக்கினோவின் மெட்டைத் தூக்கி எறியாமல் தன் இசைக்குள் இடம் கொடுத்தார் எல்ஃப்மேன். அந்தப் படத்தில் இசைக் குறிகளையே ஆயுதமாக எறிந்து சண்டை போடுகிறார்கள், கட்டாயம் பார்.

இதே ஜியாக்கினோதான் நம் வழக்கிலும் தீர்ப்பு எழுதியவர். 2021-ல் மூன்று ஸ்பைடர்மேன்களும் சேர்ந்து வந்த படத்துக்கு இசை அவருடையது. எல்ஃப்மேனின் மெட்டும் அதில் உண்டு. கார்ஃபீல்டு வரும் இடத்தில் ஹார்னரின் மெட்டை எடுத்து வைத்திருக்கிறார். எலக்ட்ரோவுக்கு ஜிம்மரின் இசை. ஆக, நாயகன் என் பக்கம், வில்லன் உன் பக்கம்! இதைச் சின்னவனிடம் சொன்னேன். "டிரம்பெட்டை விட்டுவிட்டாரே" என்று இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். அவனுக்கு ஒன்பது வயதில் உன் தோளில் உட்கார்ந்து கேட்டதுதான் ஒரிஜினல். அவனிடம் வாதாடிப் பயனில்லை.

ஹார்னர் அதைக் கேட்க இல்லை. 2015 ஜூனில் கலிஃபோர்னியாவில் தானே ஓட்டிப் போன சிறு விமானம் விழுந்து போய்ச் சேர்ந்தார், வயது 61. செய்தி வந்த இரவு நீதான் முதலில் போன் செய்தாய். சண்டையைப் பற்றி நாம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ சும்மா அந்தப் பியானோ மெட்டை மூக்கால் முணுமுணுத்தாய். சுதி கொஞ்சம் விலகியிருந்தது. நான் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் போகலாம் என்று எழுதியிருந்தாய். வா. முதல்நாளே வந்துவிடு, உன் தங்கை அட்டவணையில் இடம் போட்டுவிட்டாள். வரும்போது டிரம்பெட்டையும் கொண்டு வா, கட்டுப்பல் என்று காரணம் சொல்லாதே. சின்னவன் அந்தத் தொடக்க முழக்கத்தை எதிரில் உட்கார்ந்து கேட்கவேண்டுமாம். மேல் ஸ்வரம் எட்டாவிட்டால் ஒரு கட்டை இறக்கி வாசி. கீபோர்டை நானும் தூசி தட்டி வைக்கிறேன், டிரான்ஸ்போஸ் பட்டன் இன்னும் வேலை செய்கிறது.

உன்,
பழைய கீபோர்டுக்காரன்