விளம்பர இடைவேளையில் வாசித்தவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பால் ஷாஃபர் சார்,

வணக்கம். இந்தக் கடிதத்தை யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். அது தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். பாடகருக்குக் கைதட்டிவிட்டு, கீபோர்டுக்குப் பின்னால் நிற்பவரின் பெயரைக்கூடக் கேட்காமல் எழுந்து போகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

1982 பிப்ரவரி 1 முதல் 2015 மே 20 வரை அமெரிக்க நகைச்சுவையாளர் டேவிட் லெட்டர்மேன் விருந்தினர்களோடு பேசும் இரவு டிவி நிகழ்ச்சிகளுக்கு நீங்கள்தான் இசை. முதலில் என்பிசி சேனல், அப்புறம் சிபிஎஸ் சேனல். மொத்தம் 33 வருடம். அமெரிக்காவில் உங்கள் கறுப்புக் கண்ணாடியும் வழுக்கைத் தலையும் தெரியாத வீடு இருக்காது. ஆனால் நீங்கள் வாசித்ததில் பெரும்பகுதி அந்த வீடுகளுக்குப் போய்ச் சேரவே இல்லை. எனக்கு உங்கள் மேல் இவ்வளவு மரியாதை வந்ததே இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

லெட்டர்மேன் இடைவேளை அறிவித்து வாயை மூடுவதற்குள் குழு ஒரு பாட்டைப் பிடித்துவிடும். டிவி முன்னால் இருப்பவருக்கு அதில் சில நொடிகள்தான். உடனே கார் விளம்பரம் வந்துவிடும். அரங்கத்தில் பாட்டு நிற்காது. பல்லவி, சரணம், கிடார் தனி ஆவர்த்தனம் என்று முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். விளம்பரம் முடியப் போகிறது என்று சைகை வந்ததும், எந்த இடத்தில் இருந்தாலும் அங்கிருந்து திருப்பிக் கொண்டுவந்து, கேமரா மறுபடி லெட்டர்மேன் மேல் விழும்போது சுத்தமாக முடித்துவைப்பீர்கள். பாட்டின் தலையும் வாலும்தான் வீட்டுக்குப் போகும். உடம்பு முழுவதும் அரங்கில் உட்கார்ந்திருந்த சில நூறு பேருக்கு மட்டும். அந்தச் சில நூறு பேருக்காக ஒவ்வொரு இரவும் நல்ல இசைக்கலைஞர்களை வைத்துக்கொண்டு உயிரைக் கொடுத்து வாசித்தீர்கள். ஏனென்றால் விளம்பரத்துக்குப் பிறகு அந்தக் கூட்டம் தளர்ந்து போய் உட்கார்ந்திருந்தால் அடுத்த ஜோக் விழாது. அந்தச் சிரிப்பின் அடியில் உங்கள் தாளம் இருந்தது என்பது டிவி பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

நீங்கள் இதற்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று தேடிப் படித்தேன். 1949இல் பிறந்த நீங்கள் கனடாவில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருந்த ஃபோர்ட் வில்லியம் என்ற ஊரில் வளர்ந்தீர்கள். அப்பா வழக்கறிஞர். அந்த ஊர் 1970இல் பக்கத்து ஊரோடு சேர்ந்து தண்டர் பே ஆனது. இன்று அங்குள்ள பெரிய கலையரங்கம் உங்கள் பெயர் வைத்த சாலையில்தான் இருக்கிறது. டொரண்டோ பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டு, அங்கேயே பியானோ வாசித்துக்கொண்டிருந்தீர்கள். 1972இல் 'காட்ஸ்பெல்' என்ற இசை நாடகத்துக்கு டொரண்டோவில் ஆள் தேர்வு நடந்தபோது, நீங்கள் உங்களுக்காகப் போகவில்லை. பாடப் போன நண்பருக்கு வாசிக்கப் போனீர்கள். இசையமைப்பாளர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் பியானோவைக் கவனித்தார், நாடகத்தின் இசைப் பொறுப்பையே உங்கள் கையில் கொடுத்துவிட்டார். மார்ட்டின் ஷார்ட், கில்டா ராட்னர், யூஜீன் லெவி, விக்டர் கார்பர் எல்லோரும் அதே நாடகத்தில் நடித்தவர்கள். அத்தனை பேரும் பெரிய ஆட்களாகப் போகிறவர்கள் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்!

இன்னொருவருக்காக வாசிக்கப் போன இடத்தில்தான் உங்கள் வாழ்க்கையே தொடங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்த எல்லாமே இதே பாதையில்தான் போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

1974இல் நியூயார்க். அடுத்த வருடம் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற டிவி நகைச்சுவை நிகழ்ச்சி தொடங்கியபோது அதன் இசைக்குழுவில் சேர்ந்தீர்கள். அந்தக் குழுவுக்குத் தலைவர் ஹோவர்ட் ஷோர். அவரும் டொரண்டோக்காரர். பின்னாளில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களுக்கு இசையமைத்து ஆஸ்கர் வாங்கியவர். அந்த நாட்களில் நகைச்சுவை நடிகர் பில் மரே அதில் ஒரு மூன்றாந்தர ஓட்டல் பாடகராக வருவார், நிக் என்று பெயர். 'ஸ்டார் வார்ஸ்' இசைக்கு வரிகளை இட்டுக்கட்டி உருகி உருகிப் பாடுவார். பக்கத்தில் பியானோவில் நீங்கள். அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சிரிக்கவே மாட்டீர்கள். உலகத்தின் தலைசிறந்த பாடகருக்கு வாசிப்பது போல அவ்வளவு சிரத்தையோடு வாசிப்பீர்கள். பில் மரே எங்கே இழுப்பார், எங்கே மூச்சு விடுவார் என்று காத்திருந்து விரல் வைப்பீர்கள். காமெடி நிற்பது அந்தச் சிரத்தையில்தான். எங்கள் கச்சேரி மேடையில் நல்ல மிருதங்க வித்வான் பாடுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு நீங்கள் அந்த வரிசையில் வைக்க வேண்டிய ஆள்.

நீங்கள் எழுதியதில் உலகம் அறிந்த பாட்டைச் சொல்லாமல் போனால் தப்பு. 1979இல் பாடலாசிரியர் பால் ஜபாராவுடன் சேர்ந்து 'இட்ஸ் ரெய்னிங் மென்' எழுதினீர்கள். பாடகி டோனா சம்மர் வேண்டாம் என்றார். டயானா ராஸ், ஷெர், பார்பரா ஸ்ட்ரைசாண்ட் என்று பெரிய பெரிய பெயர்கள் எல்லாம் கை கழுவின. கடைசியில் மார்த்தா வாஷும் இசோரா ஆர்ம்ஸ்டெட்டும் பாட, 'வெதர் கேர்ள்ஸ்' என்ற பெயரில் 1982இல் வெளிவந்தது. 1984இல் பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்தது. 2001இல் ஜெரி ஹாலிவெல் மறுபடி பாடி அங்கேயே முதலிடத்துக்குக் கொண்டு போனார். இன்று உலகத்தில் எந்த நடன அரங்கிலும் அந்தப் பாட்டு தெரியும். அதை எழுதியவர்களில் ஒருவர் ராத்திரி டிவியில் கீபோர்டுக்குப் பின்னால் நின்றவர் என்று தெரிந்தவர்கள் குறைவு. உங்களுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் இருக்கிறது.

சரி, 1982க்கு வருகிறேன். லெட்டர்மேனின் நிகழ்ச்சி, அன்றைய இரவு டிவியின் பெரிய நட்சத்திரமான ஜானி கார்சனின் நிகழ்ச்சிக்கு அடுத்து, நள்ளிரவு தாண்டி வந்தது. தயாரிப்பில் கார்சனின் நிறுவனத்துக்கும் பங்கு இருந்ததால் நிபந்தனைகளும் வந்தன. அவற்றில் ஒன்று, உங்கள் குழுவில் டிரம்பெட், டிராம்போன் போன்ற ஊதுகருவி வரிசை இருக்கக்கூடாது. அது கார்சனிடம் இருந்த டாக் செவரின்சனின் பெரிய குழுவுக்கு உரிய ஒலி. எனவே நான்கே பேர்: நீங்கள், கிடாரில் ஹைரம் புல்லக், பேஸில் வில் லீ, டிரம்ஸில் ஸ்டீவ் ஜோர்டன்.

இந்தத் தடை உங்களுக்கு நல்லதே செய்தது என்பது என் தீர்மானமான எண்ணம். அதுவரை அமெரிக்க இரவு டிவியில் இசை என்றால் கோட்டு போட்ட பெரிய ஆர்கெஸ்ட்ரா, சீராக எழுதிவைத்த ஸ்கோர். நான்கு பேரை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. ஆகவே நீங்கள் வேறு பக்கம் போனீர்கள். அறுபதுகளின் சோல், ரிதம் அண்ட் ப்ளூஸ், ராக் பாட்டுகளை எடுத்து, ஒரு சின்ன கிளப்பில் வாசிக்கிற சூட்டோடு கொடுத்தீர்கள். நான்கு பேர் என்பதால் ஒரு தலையசைப்பில் பாட்டை மாற்ற முடிந்தது. லெட்டர்மேன் எதையாவது உளறினால் அடுத்த நொடியே அதற்கு ஒரு பாட்டு பதிலாக வந்து விழும். பெரிய ஆர்கெஸ்ட்ராவில் அதற்கு இடமே இல்லை, எல்லோரும் தாளைப் புரட்டி முடிப்பதற்குள் ஜோக் ஆறிப்போகும். 1986இல் ஜோர்டன் போய் ஆன்டன் ஃபிக் வந்தார், ஆட்கள் மாறினார்கள், அந்த வேகம் மாறவில்லை. வில் லீ மட்டும் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை உங்கள் பக்கத்திலேயே நின்றார்.

1993இல் நடந்தது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்புகிறது. லெட்டர்மேன் சிபிஎஸ்ஸுக்கு மாறியபோது, குழுவுக்கு நீங்கள் வைத்திருந்த 'உலகிலேயே மிக ஆபத்தான இசைக்குழு' என்ற பெயர் தன்னுடைய சொத்து என்றது என்பிசி. வாசித்தவர்கள் நீங்கள், பெயர் மட்டும் அவர்களுடையதா? நீங்கள் சண்டைக்கு நிற்காமல் 'சிபிஎஸ் ஆர்கெஸ்ட்ரா' என்று சாதாரணமாக ஒரு பெயரை வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தீர்கள். சிபிஎஸ் நிகழ்ச்சி நடந்த எட் சல்லிவன் தியேட்டரில் பழைய நிபந்தனை எதுவும் கிடையாது. டாம் மலோன் போன்றவர்கள் ஊதுகருவிகளோடு வந்து சேர்ந்தார்கள், ஒலி அகலமானது. பழைய பெயர் 2017இல் ஒரு ஆல்பத்தின் அட்டையில் உங்களிடமே திரும்பி வந்ததைப் பார்த்தபோது நிம்மதியாக இருந்தது.

அந்த மேடையில் ஒரு இரவைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 2002 அக்டோபர் 30. ஒரு மணி நேரத்துக்கும் ஒரே விருந்தினர், பாடகர் வாரன் ஜெவான். நுரையீரலைச் சுற்றி வந்த புற்றுநோய், குணமாகாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் இல்லாத நாட்களில் உங்கள் இடத்தில் நின்று குழுவை நடத்தியவர் அவர், ஆகவே அன்று மேடையில் இருந்த வாத்தியக்காரர்கள் அத்தனை பேருக்கும் நண்பர்.

விருந்தினர் திரைக்குப் பின்னாலிருந்து நாற்காலிக்கு நடந்து வரச் சில நொடிகள்தான் ஆகும். அந்த நொடிகளுக்கு எந்தப் பாட்டு? வேறு யாராக இருந்தாலும் மென்மையாக, சோகமாக எதையாவது வாசித்திருப்பார்கள், அரங்கம் அங்கேயே அழுது முடித்திருக்கும். ஒரு மணி நேரம் அவர் பேச வேண்டும், பாட வேண்டும். அழுதுவிட்ட கூட்டத்தின் முன்னால் அதை எப்படிச் செய்வது? உங்கள் குழு வாசித்தது அவருடைய பழைய பாட்டையே: 'ஐ வில் ஸ்லீப் வென் ஐ ஆம் டெட்'. செத்த பிறகு தூங்கிக்கொள்கிறேன் என்று இளமைத் திமிரில் எழுபதுகளில் பாடிய பாட்டு. சாவைப் பற்றி யாரும் மூடி மறைக்கப் போவதில்லை, ஆனால் யாரும் தலையில் கை வைத்து உட்காரப் போவதும் இல்லை என்பதை லெட்டர்மேன் ஒரு வார்த்தை பேசும் முன்பே உங்கள் குழு சொல்லிவிட்டது. அப்புறம் அந்த மணி நேரம் முழுவதும் ஜெவான் சிரித்தார், சிரிக்க வைத்தார், குழுவோடு சேர்ந்து பாடினார். அடுத்த செப்டம்பரில் இறந்து போனார். அந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் அவர் சொன்ன வார்த்தைகளை மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த வார்த்தைகளுக்கு இடம் பண்ணிக் கொடுத்த சில நொடிகளை நான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் 1986இல் தொடங்கி வருடக்கணக்காக, ஒருவரையொருவர் அதிகம் அறியாத நட்சத்திரங்களை ஒரே மேடையில் வாசிக்க வைத்ததும் நீங்கள்தான். 2001 அக்டோபரில், இரட்டைக் கோபுரங்கள் விழுந்த சில வாரங்களில், மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த பெரிய கச்சேரிக்கும் இசைப் பொறுப்பு நீங்களே. ஏறக்குறைய ஒவ்வொரு டிசம்பரிலும் பாடகி டார்லின் லவ் லெட்டர்மேன் நிகழ்ச்சிக்கு வந்து அதே கிறிஸ்துமஸ் பாட்டைப் பாட, ஒவ்வொரு வருடமும் மேடையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி அவர் பின்னால் நின்றீர்கள். ஐம்பது வயது தாண்டிய, எழுபது வயது தாண்டிய பாடகியை அப்படி ஏற்றிப் பிடித்த டிவி நிகழ்ச்சி வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பெயரில் வந்த ஆல்பங்களை விட, இன்னொருவர் பேச்சுக்கு நடுவில் நீங்கள் வாசித்த இரண்டு வரிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நிகழ்ச்சிக்கு நீங்கள் அமைத்த தொடக்க இசையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் அறிவிப்பாளர் விருந்தினர்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போவார். யாராவது மேலே பேசினாலும் கெடாத, பேச்சுக்கு வழி விட்டுவிட்டு இடைவெளியில் மறுபடி தலை தூக்குகிற மெட்டு அது. அப்படி ஒன்றை அமைக்கத் தனிக் காது வேண்டும். பாட்டு மட்டும் எழுதத் தெரிந்தவரால் அது முடியாது.

இனி ஒரு கோரிக்கை. உங்கள் கைச்சைகைகளை யாரும் முறையாகப் பதிவு செய்து நான் பார்க்கவில்லை. கீபோர்டில் ஒரு கை, காற்றில் ஒரு கை. விரலை உயர்த்தினால் என்ன, முஷ்டியை மூடினால் என்ன, எந்தச் சைகைக்குக் குழு நிற்கும், எதற்கு இன்னொரு சுற்று போகும் என்று நாங்கள் வெளியிலிருந்து ஊகித்துக்கொண்டிருக்கிறோம். மேடையில் பின்னால் நின்று வாசிக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய பாடம். வில் லீயையும் ஆன்டன் ஃபிக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கேமராவை உங்கள் கைகளுக்கு நேராக நிறுத்தி, பழைய நிகழ்ச்சிகளை ஓட விட்டு, எதை ஏன் வாசித்தீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஜெவான் இரவுக்கு அந்தப் பாட்டை எடுக்கலாம் என்று முதலில் சொன்னது யார் என்பதிலிருந்து தொடங்கினால் ரொம்ப சந்தோஷம்.

அன்புடனும் வணக்கத்துடனும்,
பாடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று கீபோர்டு வாசிக்கும் ஒரு ரசிகன்