ஏழாவது கட்டத்தில் என்ன எழுதட்டும்?

மதிப்புக்குரிய பேராசிரியர் பதவி உயர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். என் விண்ணப்பத்தின் கதை உங்களுக்குத் தெரியும். கோப்பு 11 மாதம் உங்களிடம்தான் இருந்தது. அதனால் முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. போன மாதம் வந்த பதிலில் இரண்டே வாக்கியங்கள்: "தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. ஏற்கப்படவில்லை."

பதவி உயர்வு கிடைக்காததில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் குழுவின் முடிவை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

சரி, மறுபடி விண்ணப்பிப்போம் என்று போன வாரம் இணையப் படிவத்தைத் திறந்தேன். ஏழாவது கட்டம் இப்படிக் கேட்கிறது: "முந்தைய விண்ணப்பத்தில் சுட்டிக்காட்டப்பட்ட குறைகளும், அவற்றைக் களைய எடுத்த நடவடிக்கைகளும்." பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. "குறை எதுவும் சொல்லப்படவில்லை" என்று தட்டினேன். குறைந்தது 200 எழுத்தாவது வேண்டுமாம். அலுவலகத்துக்கு போன் செய்தேன்; குழுவைக் கேட்கச் சொன்னார்கள். குழுவுக்கு எழுதினேன், "குழுவின் விவாதங்கள் ரகசியமானவை" என்று பதில் வந்தது. அது மட்டும் ஒரே நாளில் வந்துவிட்டது, நன்றி.

யார் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவே இல்லை. எந்தக் குறையைத் திருத்த வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

எழுத்தில் வராத காரணம் நடைபாதையில் வந்து சேர்கிறது. கட்டுரை எண்ணிக்கை போதவில்லை என்கிறார் ஒருவர். எண்ணிக்கை பரவாயில்லை, ஆய்விதழ்களின் இம்பாக்ட் ஃபாக்டர்தான், அதாவது அவற்றின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவுதான் இடிக்கிறது என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் தோளில் தட்டி, "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்கிறார். எதைப் பார்த்துக்கொள்வது?

என் ஊகம் வேறு. ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி செவிலியர்கள் காலைப் பணிக்கு வருபவர்களிடம் நோயாளிகளை ஒப்படைப்பதை 3 ஆண்டுகள் உடனிருந்து பார்த்தேன். காலை 6:45-க்கு வார்டு மேசைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். முதல் 4 மாதம் என் முன்னால் யாரும் இயல்பாகப் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள், ஒரு மூத்த செவிலியர் தான் கொடுக்க மறந்த மருந்தைப் பற்றி, நான் இருப்பதையே மறந்து, அடுத்தவரிடம் சொன்னார். அன்றைக்குத்தான் என் ஆய்வு தொடங்கியது என்பேன். தவறை யாரிடம், எந்தக் குரலில், எப்போது சொல்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. அதைக் கேள்வித்தாள் கொடுத்து வாங்க முடியாது. 41 நோட்டுப் புத்தகங்கள் சேர்ந்தன. அதிலிருந்து வந்த முதல் கட்டுரை மதிப்பீட்டாளர்களிடம் 4 சுற்றும் 26 மாதமும் போய்வந்தது. உங்கள் படிவத்தில் களப்பணிக்கு இடமில்லை. அந்த 3 ஆண்டுகளுக்கும் "வெளியீடு: 0" என்று நானே என் கையால் போட்டேன்.

இதுதான் காரணம் என்றால் அதையே எழுதிக் கொடுங்கள். எனக்குப் பிடிக்காது, ஆனால் புரியும்.

1927-ல் அமெரிக்காவின் ஹாதார்ன் தொழிற்சாலையில், ரிலே என்ற தொலைபேசிக் கருவியின் பாகத்தைப் பூட்டும் சில பெண்களைத் தனி அறையில் அமர்த்தி, வேலைச் சூழலை மாற்றினால் உற்பத்தி எப்படி மாறுகிறது என்று பார்க்கத் தொடங்கிய சோதனை 1932 வரை நடந்தது. நிறுவனங்களில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் எங்கள் துறையின் பாடப்புத்தகங்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அந்த ஆய்வாளர்கள் இன்றைக்கு உங்கள் முன் வந்தால், மூன்றாம் ஆண்டிலேயே "இதுவரை எத்தனை கட்டுரை?" என்று கேட்டு அனுப்பியிருப்பீர்கள். என் முனைவர் பட்ட மாணவி ஒருத்தி, களத்துக்குப் போகட்டுமா, கேள்வித்தாள் போதுமா என்று கேட்டாள். 19 ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன், அவளுக்கு நேர்மையாக ஒரு பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு நிர்வாக அலுவலர்களுக்கு "பணியிடத்தில் நியாயம்" என்று ஒரு பயிலரங்கு நடத்தித் தரச் சொன்னீர்கள். நடத்தினேன். ஒரு முடிவை மக்கள் நியாயமானதாக உணரத் தேவையானவை என்று 1980-ல் உளவியலாளர் ஜெரால்ட் லெவந்தல் வகுத்த 6 விதிகளைச் சொன்னேன். தவறைத் திருத்த வழி இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பணியிட நியாயத்தை ஆராய்ந்த ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-ல் வெளியிட்ட ஆய்வையும் சொன்னேன். ஒரே நிறுவனத்தின் 2 தொழிற்சாலைகளில் 10 வாரத்துக்கு 15 சதவீதச் சம்பள வெட்டு. ஒன்றில் ஏன் என்று விரிவாக, மரியாதையாக விளக்கினார்கள். மற்றதில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். வெட்டு ஒன்றுதான், ஆனால் விளக்கம் கிடைக்காத இடத்தில்தான் பொருள்கள் அதிகம் திருடு போயின. பயிலரங்கின் முன்வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டிக் குறிப்பெடுத்தார்கள். (பயப்பட வேண்டாம், துறை அலுவலகத்தின் ஸ்டேப்ளர் இருந்த இடத்திலேயே இருக்கிறது.)

ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்குப் பரிசு கொடுக்கும் மடமையைப் பற்றி மேலாண்மை ஆய்வாளர் ஸ்டீவன் கெர் 1975-ல் எழுதிய கட்டுரையில் பல்கலைக்கழகங்களும் ஓர் உதாரணம். நல்ல ஆசிரியரை எதிர்பார்க்கிறார்கள், கட்டுரைக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்றார். அதை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். மாணவர்கள் சிரிப்பார்கள். இந்த ஆண்டு நானும் சேர்ந்து சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் ஊதியமில்லாமல் மாலை நேரங்களில் உட்கார்ந்து கோப்புகளைப் படிப்பது எனக்குத் தெரியும். என் கோப்பையும் யாரோ ஒருவர் கடைசிப் பக்கம் வரை படித்திருப்பார் என்றே நம்புகிறேன். அவர் மனதில் பட்ட குறையைப் பெயரில்லாமல் நான்கு வரியில் எழுதி அனுப்பினால் போதும்.

படிவம் இந்த மாதக் கடைசி வரைதான் திறந்திருக்கும். மற்ற எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். ஏழாவது மட்டும் உங்களுக்காகக் காத்திருக்கிறது.

பணிவுடன்,
நிறுவன நடத்தைத் துறை இணைப் பேராசிரியர் ஒருவர்